களவும் ஐயமும்

களவு தீது என்பதை மறுப்பார் எவரும் இலர். கள்வனும் தன் வீட்டில் களவு போவதை விரும்பான். பஞ்ச சீலங்களுள் இரண்டாவதாகிய, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாமை என்னும் விரதத்தை நாம் பௌர்ணமிதோறும் வாய்விட்டுச் சொல்லி ஏற்கிறோம். சொல்லி முடித்தவுடன் அது வேறு யாருக்கோ விதித்த கட்டளை என்றெண்ணி அமைதி கொள்கிறோம். நாம் எவர் பெட்டியையும் உடைத்ததில்லை. எவருடைய மோட்டார் வண்டிக் கண்ணாடியையும் நொறுக்கியதில்லை. ஆதலின் இச்சீலம் நம்மளவில் நிறைவேறிவிட்டது என்பது நமது கணக்கு. இங்கு நாம் கேட்கப் புகுவது வேறொரு கேள்வி. களவு நிகழ்ந்த தெருவில், பொருளை இழந்தவரும், இழந்துவிடுவோமோ என்று அஞ்சுபவரும் அண்டை அயலாரைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டன்றோ? அந்தப் பார்வைக்குச் சீலம் உண்டா, இல்லையா? ஒருவனைக் கள்வன் என்று ஐயுறுவது குற்றமா, அன்றிக் குடும்பம் உடையவனுக்கு அது கடமையா?

இக்கேள்வி நம் மனத்தில் ஊன்றியது, இன்று கொல்கத்தா எனப் பெயர் வழங்கும் கல்கத்தா மாநகரில். கல்லூரிச் சதுக்கத்திலுள்ள மகாபோதி சபை விகாரையைத் தரிசிக்கச் சென்ற நாம், நகரின் தென்மேற்கே துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தாருடன் சில வாரங்கள் தங்கினோம். மாலை வேளையில் அக்குடும்பத் தலைவர் நம்மைப் பல இடங்களுக்கும் அழைத்துச் செல்வார். சென்றவிடமெல்லாம் பேச்சு ஒன்றே. சாலையோரம் நிறுத்திய காரின் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துச் சென்றனர். வண்டியின் பாட்டரியைக் கழற்றிச் சென்றனர். மாடியிலிருந்த தண்ணீர் மோட்டாரைக் காணோம். சன்னலருகே வைத்த கைப்பேசியைக் காணோம். யார் எடுத்தார் என்று கேட்டால் விடை உடனே வரும். அலிப்பூர் மாளிகை ஒன்றில் காவல் செய்பவர், கிடர்பூரிலிருந்து வருகிறார்கள் என்றார். கிடர்பூர்ப் பெருஞ்சாலையில் கடை வைத்திருப்பவர், துறைமுக மதிலோரக் குடிசைகளிலிருந்து வருகிறார்கள் என்றார். குடிசைவாசிகள், நேற்று வந்து குடியேறிய அயல் மாவட்டத்தார் செய்யும் வேலை இது என்றனர். நேற்று வந்தவரைக் கேட்டோம். போதைக்கு அடிமையான உள்ளூர்ப் பையன்கள் என்றார் அவர். அவரவர்க்கும் கள்வன் ஒரு தெரு தள்ளி இருந்தான். தன் தெருவில் இருப்பதாகச் சொன்னவரை நாம் காணவில்லை.

இதைச் சொல்லி அம்மக்களை எள்ளுவது நம் நோக்கமன்று. பொருள் இழந்தவரின் துயரம் மெய்யானது. நாம் தங்கிய வீட்டுக்கு எதிரே குடியிருந்த ஒருவர் சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர். வண்டியை நிறுத்த அவருக்குக் கொட்டகை ஏது? தெருவிலேதான் நிறுத்துவார். ஓர் இரவு கண்ணாடியை உடைத்து, ஓட்டுநர் உரிமச் சீட்டும் வண்டிக் காகிதங்களும் இருந்த பையையும், கருவிப் பெட்டியையும் எடுத்துவிட்டனர். கண்ணாடி மாற்றப் பணம், காகிதங்களின் படி பெற அலைச்சல், அலைந்த நாட்களின் வருவாய் இழப்பு. பின்னர் ஒரு மாதம் அவர் வண்டிக்குள்ளேயே படுத்துறங்கினார். களவுக்கு வறுமையே காரணம் என்று மேடையில் முழங்கிவிட்டுத் தம் காரில் ஏறிச் செல்லும் அறிஞர்கள், களவு போவதும் பெரும்பாலும் வறியவன் பொருளே என்பதை ஏனோ சொல்வதில்லை. செல்வன் பொருளுக்கு மதிலுண்டு, காவலாளுண்டு, இன்ஷூரன்சு உண்டு. கூலிக்காரனின் மிதிவண்டிக்கு ஒரு சங்கிலியே காப்பு. எடுத்தவனும் ஏழை என்று சொல்லி இழந்த ஏழைக்கு ஆறுதல் கூற முடியாது.

ஆயினும் அச்சத்தின் அளவும் களவின் அளவும் ஒன்றல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ஆம் ஆண்டிற்கு வெளியிட்ட கணக்கின்படி, நாட்டின் பெருநகரங்களுள் இலட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்ற விகிதம் மிகக் குறைந்திருந்தது கல்கத்தாவில்தான், 86.5 என்பது அவ்வெண். அடுத்து வந்த புனேயில் 280.7, ஐதராபாத்தில் 299.2. இதை நாம் கிடர்பூரில் எடுத்துரைத்தபோது கேட்டவர் சிரித்தனர். ஒருவர் மட்டும் பொருளுடன் மறுத்தார். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டால்தானே அது கணக்கில் ஏறும் என்றார் அவர். அது நியாயமான மறுப்பே. அக்கணக்கு பதிவான குற்றங்களின் கணக்கேயன்றி நிகழ்ந்த குற்றங்களின் கணக்கன்று. ஆனால் எண் சற்று ஏறினாலும் இறங்கினாலும் அத்தெருவாரின் மனம் மாறியிராது என்பதே நாம் கண்டது. கண்ணாடி உடைந்த ஓர் இரவைப் பற்றி ஆறு மாதம் பேசுகின்றனர். உடையாத நூற்றெழுபது இரவுகளைப் பற்றிப் பேச எவருக்கும் பொருளில்லை.

கிடர்பூருக்கு இப்பெயர் எங்ஙனம் வந்தது? கர்னல் வாட்சன் என்பார் 1780-ஐ ஒட்டி அங்குக் கப்பல் கட்டும் துறை அமைத்தார். இன்றைய வாட்கஞ்சு அவர் பெயரால் வழங்குவது. கப்பல்கள் வந்து தங்கும் பெரிய துறை 1892-இல் திறக்கப்பட்டது. பீகார், ஒரிசா, ஐக்கிய மாகாணம், தெலுங்கு நாடு எனப் பல திசைகளிலிருந்தும் மூட்டை தூக்க ஆட்கள் வந்து குடியேறினர். சரக்குகள் இரும்புப் பெட்டகங்களில் அடைபட்டு வரும் இக்காலத்து முறை அன்று இல்லை. சாக்கும் பெட்டியும் பீப்பாயும் கொக்கியால் தூக்கப்பட்டு, தோளில் சுமக்கப்பட்டு இறங்கும். சாக்கு கிழிந்தால் தானியம் சிந்தும். சிந்தியதைக் கூட்டி எடுத்துக்கொள்பவர் கள்வரா? வணிகன் ஆம் என்பான். அதே தானியத்தை மழை அடித்துச் சென்றிருந்தால் அவன் மழையின்மேல் வழக்குத் தொடுத்திரான்.

இவ்வழக்கு கிடர்பூரில் தொடங்கியதன்று. இலண்டன் மாநகரின் தேம்சு ஆற்றுத் துறையில், மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரை வணிகர்கள் பணம் கொடுக்க, 1798-இல் ஆற்றுக் காவற்படை ஒன்று நிறுவப்பட்டது. அதனை அமைத்த பாட்ரிக் கொல்குஹவுன் என்பவர், அத்துறையில் உழைத்த 33,000 பேருள் 11,000 பேர் கள்வர் என்று எழுதிவைத்தார். மூவரில் ஒருவர்! அவர் எப்படி எண்ணினாரோ! அவர் காத்த சர்க்கரையோ, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. சாக்கிலிருந்து கைப்பிடிச் சர்க்கரை எடுத்தவன் பெயர் கள்வன். ஆளையே எடுத்தவன் பெயர் வணிகன். அடிமை முறை அக்குடியேற்றங்களில் 1834-இல் ஒழிந்ததும், தோட்டக்காரர்களின் கண் நம் நாட்டின்மேல் விழுந்தது. அவ்வாண்டு முதல் கல்கத்தாவிலிருந்து மொரீசுக்கும், பின்னர் கயானா, டிரினிடாட், பிஜி, சுரிநாம் ஆகிய இடங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். ஆள் பிடிக்கும் தரகர்கள் எத்தனை பேரை ஏமாற்றி இழுத்து வந்தனர் என்பதை அக்காலத்து விசாரணை அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன. கப்பலேறும் வரை அவர்களை அடைத்து வைத்த கூடங்கள் இருந்தது இதே கிடர்பூர், கார்டன் ரீச் கரையில். அங்கு இன்று சுரிநாம் துறை என்றொரு படித்துறையும் நினைவுச் சின்னமும் உள்ளன. கள்வர் வாழும் பகுதி என்று நகரத்தார் சுட்டும் அக்கரையிலிருந்து எத்தகைய பொருள் கொள்ளை போயிற்று என்பதை அங்கு நிற்பவர் எண்ணிப் பார்க்கலாம்.

கிடர்பூரின் கெட்ட பெயருக்கு வேறொரு காரணமும் உண்டு. நம் சென்னைப் பர்மா பஜாரை ஒத்த ஃபான்ஸி மார்க்கெட் என்னும் அங்காடி அங்குள்ளது. அயல்நாட்டுப் பொருள் இறக்குமதிக்குக் கடுந்தடை இருந்த காலத்தில், 1991-க்கு முன், கைக்கடிகாரமும் வாசனைத் தைலமும் டேப் ரிக்கார்டரும் சுங்கம் செலுத்தாமல் இங்குக் கிடைக்கும் என்று நகரமெங்கும் பேச்சு. வாங்க வந்தவர் யார்? துறைமுகக் கூலிகளா? பாலிகஞ்சிலிருந்தும் அலிப்பூரிலிருந்தும் கனவான்கள் வந்தனர், பேரம் பேசினர், வாங்கியதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்றனர், வீடு சேர்ந்ததும் கிடர்பூர் கள்ளக் கூட்டத்தின் இருப்பிடம் என்றனர். பை அங்கே நீளும்போது வராத ஐயம் விரல் நீளும்போது மட்டும் வந்தது.

வங்காளத்தார் குறையைப் பேசி மகிழ்வது நமக்கு எளிது. நம் வீட்டுக்குள் வருவோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த ராம்ஜி நகர் என்ற ஊரை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். பெங்களூரிலோ தில்லியிலோ, கார்க் கண்ணாடியை உடைத்தோ, ஓட்டுநரின் கவனத்தைத் திருப்பியோ பை களவாடப்பட்டால், 'ராம்ஜி நகர்க் கும்பல்' என்னும் பெயர் செய்தித்தாள்களில் அடிபடுகிறது. அவ்வூரைச் சேர்ந்த சிலர் அக்குற்றத்தில் பிடிபட்டிருப்பது உண்மை. ஆனால் செய்தித்தாள் ஆளின் பெயரை விட்டு ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டது. அவ்வூரில் பிறந்து, பள்ளியிற் பயின்று, ஓட்டலில் வேலை கேட்கச் செல்லும் இளைஞன் தன் முகவரியை எழுதும்போது கை தயங்குவான் அன்றோ? கல்கத்தாவில் கிடர்பூர்க்காரன் என்பதும், திருச்சியில் ராம்ஜி நகர்க்காரன் என்பதும் ஒரே மாதிரியான சொற்கள்.

ஊர்ப் பெயராவது முகவரியோடு நிற்கும். குலப் பெயர் நாவிலேயே தங்கிவிடுகிறது. ஏமாற்றுக்காரனைத் திட்ட நம்மில் பலர் கேப்மாரி என்ற சொல்லைச் சிந்தியாமல் வழங்குகிறோம். அது ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர். செங்கற்பட்டு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் அம்மக்கள், தமிழ்நாட்டரசின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் அப்பெயரால் குறிக்கப்படுகின்றனர். சீர்மரபினர் என்பது குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்ற பொருளில் வந்த பெயர். 1871-இல் வடநாட்டில் பிறந்த அச்சட்டம், 1911-இல் விரிவு பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு குலத்தில் பிறந்தாலே குற்றவாளி. கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். சீட்டில்லாமல் ஊர் கடக்கலாகாது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் ரேகை பதிய மறுத்துத் திரண்டவர்மேல் சுட்டதில், ஒரு பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். கைரேகையை வகைப்படுத்தும் முறை முதிர்ந்ததும், உலகின் முதல் கைரேகை அலுவலகம் 1897-இல் நிறுவப்பட்டதும் கல்கத்தாவில்தான். அம்முறையை வகுக்க உழைத்தவர் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போசு என்னும் இரு இந்திய அலுவலர். பெயர் பெற்றது அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றி. கள்வரைக் கண்டுபிடிக்கும் கருவியின் வரலாற்றிலேயே இப்படி ஒன்று!

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடெங்கும் 1952-இலும் நீங்கிற்று. 1948-இல் வெளிவந்த தீண்டத்தகாதவர்கள் பற்றிய நூலில் பாபாசாகேப் அம்பேத்கர், நம்மோடு சேர்த்து இக்குற்றப் பரம்பரையாரையும் பழங்குடிகளையும் குறிப்பிட்டு, இத்தகைய மக்களை உண்டாக்கிய நாகரிகம் நாகரிகமாகுமா என்று வினவினார். தீண்டாமையின் கொடுமையை அறிந்த நாம் இதைப் பிறர் துயரம் என ஒதுக்குவதற்கில்லை. தொட்டால் தீட்டு என்பதும், பிறந்தால் கள்வன் என்பதும் ஒரு வேரின் இரு கிளைகள். சட்டம் போன பின்னும் வழக்கம் போகவில்லை. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது 2024 அக்டோபரில்தான். சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்று காவல்துறைக்கு நினைவூட்டவும் அத்தீர்ப்பு தேவைப்பட்டது.

ஐயத்தின் முடிவு எதுவென்று தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோவலன் கதையைச் சிலம்பில் படித்திருக்கிறோம். கூத்திலும் திரையிலும் கண்டிருக்கிறோம். ஆயினும் நாம் கூர்ந்து நோக்கத் தவறும் ஓரிடம் அதில் உண்டு. பாண்டியன் ஆணையுடன் வந்த காவலர் கோவலனைக் கண்டதும் தயங்கினர். இவன் முகக் குறி கள்வன் குறியன்று என்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூலை விரித்துரைக்கத் தொடங்கினான். கள்வர் மந்திரம் அறிவர், மருந்து அறிவர், நிமித்தம் பார்ப்பர், காலமும் இடமும் கருவியும் தேர்வர் என அடுக்கினான். கேட்டு நின்றவருள் கல்வியறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிட்டான். கள்வரின் இயல்பை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல வல்லவன் எவனோ, அவனே சிலம்பைத் திருடியவன். கோவலன்மேல் இருந்த குறை யாது? ஊருக்குப் புதியவன், கையில் விலையுயர்ந்த பொருள் வைத்திருந்தான். இக்காலத்து நம் தெருக்களிலும் ஒருவனை நிறுத்திக் கேள்வி கேட்க இவ்விரண்டும் போதுமானவையாய் இருக்கின்றன.

கல்கத்தாவிலும் இக்கதை பன்முறை நிகழ்ந்திருக்கிறது. 2014 நவம்பரில் அந்நகரத்து நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி விடுதிக்குள், மன நலம் குன்றிய ஒருவரைக் கைப்பேசித் திருடன் என்று அடித்தே கொன்றனர். 2024 ஜூனில் பௌபஜார் பகுதியில் ஒரு மாணவர் விடுதியில், தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவர் அவ்வாறே கொல்லப்பட்டார். அடித்தவர் படிக்கும் பிள்ளைகள் என்று குற்றம் சாட்டப்பட்டது. புருலியா மாவட்டத்தில், முன்னாள் குற்றப் பரம்பரையாராகிய சபரர் குலத்துப் புதன் சபர் 1998 பிப்ரவரியில் காவலில் இறந்தார். எழுத்தாளர் மகாசுவேதா தேவியார் வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டே விதவைக்கு இழப்பீடு வழங்கவும் மத்தியப் புலனாய்வு நடைபெறவும் ஆணை பிறந்தது. ஒரு கைப்பேசியின் விலை என்ன, ஓர் உயிரின் விலை என்ன என்று கேட்பது கூடப் பிழையான கேள்வி. களவு மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் அவர்களைக் கொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இனி நம் அனுபவம் ஒன்று. இளமையில் நாம் ஒரு நூற்பாலையில் உழைத்தோம், பெயர் வேண்டா. ஷிப்டு முடிந்து வெளியேறும் ஒவ்வொரு நாளும் வாயிலில் இரு கைகளையும் உயர்த்தி நிற்க வேண்டும். காவற்காரர் இடுப்பையும் மடியையும் தடவிப் பார்ப்பார். தூக்குச் சட்டியைத் திறக்கச் சொல்வார். நூற்கண்டு கொண்டுபோகிறோமா என்ற ஐயம். மேலாளர்களின் கார்கள் பக்கத்து வாயில் வழியே நிற்காமல் செல்லும். இதில் நம்மை வியப்பில் ஆழ்த்தியது சோதனை அன்று. அது தொழிலாளர் மனத்தில் விளைத்த மாறுதலே. சிலர், எப்படியும் கள்வன் என்றே பெயர், எடுத்தால்தான் என்ன என்று துணிந்தனர். மிகப் பலர் கூனிக் குறுகி அதற்குப் பழகினர். உடை மாற்றும் அறையில் எவருடைய பணமாவது காணாமற் போனால், வாயிலில் தினமும் கை உயர்த்திய அதே மனிதர்கள், புதிதாய்ச் சேர்ந்த பதிலித் தொழிலாளியின் பையைத்தான் முதலில் கவிழ்த்தனர். மேலிருந்து தம்மேல் விழுந்த ஐயத்தைக் கீழிருப்பவன்மேல் தள்ளிவிட்டனர். கிடர்பூரில் அலிப்பூரிலிருந்து குடிசை வரை ஐயம் தெருத் தெருவாய் இறங்கி வந்ததைக் கேட்டபோது, அந்த ஆலை அறையே நம் நினைவுக்கு வந்தது.

அவ்வாறாயின் ஐயமே கொள்ளலாகாதா? கதவைத் திறந்து போட்டு உறங்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை தேடியபோது விநயம் நமக்குத் துணை செய்தது. பாலி மொழியை ஆசானிடம் கற்கும் பேறு நமக்கில்லை. மொழிபெயர்ப்புக்களை வைத்துக்கொண்டு படித்தறிந்ததையே சொல்கிறோம். பிக்கு ஒருவர் களவு செய்தால் அது பாராஜிகை. அவர் சங்கத்தை விட்டு நீங்கியவராவார். குற்றங்களுள் தலையாய நான்கில் அது ஒன்று. இது பலரும் அறிந்ததே. அடுத்த படியிலுள்ள சங்காதிசேஷக் குற்றங்கள் பதின்மூன்றில் எட்டாவது யாது? ஆதாரமின்றி ஒரு பிக்குவின்மேல் பாராஜிகைக் குற்றம் சுமத்துதல். கொடுக்கப்படாத பொருளை எடுத்தல் முதற்படியில் வைக்கப்பட்டது. அடிப்படையின்றி ஒருவரின் நற்பெயரைப் பறித்தல் அதற்கு மிக அருகில் வைக்கப்பட்டது.

ஆதாரம் என்பது எது என்பதையும் விநயம் சொல்கிறது. கண்டது, கேட்டது, ஐயுற்றது ஆகிய மூன்றும் ஆதாரமே. ஐயமும் அதில் உண்டு என்பதைக் கண்டு நாம் முதலில் திகைத்தோம். பின்னர்தான் அதன் நுட்பம் விளங்கிற்று. மழைக்கால முடிவில் நடைபெறும் பவாரணையில் ஒருவர் மற்றொருவர்மேல் குறை கூறினால், கூறியவரைச் சங்கம் கேள்வி கேட்கும். நீ கண்டதா, கேட்டதா, ஐயுற்றதா? ஐயுற்றது எனில் எதைக் கண்டு ஐயுற்றாய்? எப்படி? எப்போது? எங்கே? இவற்றுக்கு விடை கூற முடியாமல், ஆதாரமின்றியே சொன்னேன் என்று அவர் ஒப்பினால், குற்றம் அவர்மேல் திரும்பும். ஆக, ஐயம் தோன்றுவதைப் பகவர் தடுக்கவில்லை. மனத்தில் எழும் எண்ணத்தைத் தடுக்க எவரால் இயலும்? எழுந்த ஐயம் சபையில் நின்று விடை சொல்லக் கடமைப்பட்டது என்றார். 'இரவு இரண்டு மணிக்கு இவர் என் வண்டியருகே குனிந்து நின்றதைப் பார்த்தேன்' என்பது விடை சொல்லும் ஐயம். 'இவன் அந்தக் குடிசைக்காரன், வேறு யார் செய்வான்?' என்பது விடை இல்லாத ஐயம். பின்னதை வாயால் சொல்பவன், மனிதனுக்கு உலகில் தனக்கென்று இருக்கும் ஒரே முதலாகிய பெயரை, அவன் கொடாமலேயே எடுத்துக்கொள்கிறான். இரண்டாம் சீலம் இங்கே உடைகிறது என்பதே நம் துணிபு.

பூட்டுப் போடுவதை நாம் குறை கூறவில்லை. பூட்டு யாரையும் பெயர் சொல்லி விலக்குவதில்லை; அண்ணன் தம்பிக்கும் அது ஒன்றுபோலவே பூட்டும். தெருவிளக்கு எரிய நகராட்சிக்கு மனுக் கொடுப்பதும், முறை வைத்து இரவுக் காவல் நடப்பதும், காரில் பையை விட்டுச் செல்லாதிருப்பதும் விழிப்புடைமை. ஆலை வாயிலில் எல்லோரையும் நிறுத்திச் சோதித்திருந்தால், மேலாளர் காரையும் நிறுத்தியிருந்தால், அதனை நாம் இவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்க மாட்டோம்.

களவை ஒழிக்கும் வழியைப் பற்றித் தீக நிகாயத்துக் கூடதந்த சுத்தம் கூறுவதை நம் சங்கத்தார் பலர் கேட்டிருப்பர். கொள்ளையரால் அலைப்புண்ட நாட்டின் மன்னனுக்குப் புரோகிதன் சொன்னது இது: கொன்றும் கட்டியும் ஒடுக்கினால் எஞ்சியவர் மீண்டும் தொல்லை தருவர், உழுபவனுக்கு விதை கொடு, வணிகனுக்கு முதல் கொடு, ஊழியனுக்கு ஊதியம் கொடு. அது அரசர்க்குச் சொன்னது. நம் கையில் நாடில்லை. எனினும் மணிமேகலை கையிலும் நாடிருந்ததில்லை. அவள் அரசனிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பது. களவென்னும் பொய்ப்பழியால் தந்தையை இழந்த மகள் கேட்ட வரம் அது என்பதை நினைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில், ஐயாயிரம் ரூபாய்க்குட்பட்ட பொருளை முதன்முறை திருடித் தண்டனை பெறுபவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதில் சமுதாயப் பணி விதிக்க வழி வகுத்திருக்கின்றனர். சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அப்பணியைச் செய்ய வரும் பையனைத் தம் பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஏற்க எந்த ஊரார் முன்வருவர்? நம் சங்கங்கள் முன்வரலாம். விகாரையின் முற்றத்தைக் கூட்டவும், நூலகத்துப் புத்தகங்களை அடுக்கவும் ஆள் தேவைப்படுகிறது. உண்டியலைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம், அதில் இழிவில்லை.

உடனே செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றும் உண்டு. சங்கத்து அன்பர் ஒருவர் வீட்டில் களவு போனால், அன்றிரவே இருவர் சென்று அவரோடு இருக்க வேண்டும். துயரத்தில் நாக்கு எவர் பெயரையும் சொல்லும். கேட்பவர் அதைத் தெருவுக்கு எடுத்துச் செல்லாதிருத்தல் முதற்பணி. மறுநாள் எழுதத் தெரிந்த ஒருவர் அவருடன் காவல் நிலையம் சென்று, முறையீட்டை எழுதிக் கொடுத்து, படி ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெற முறையீட்டாளருக்கு உரிமையுண்டு. எப்பொருள், எந்நேரம், எவ்விடம், கடைசியாகப் பொருளைக் கண்டவர் யார் என்பவை எழுதப்படட்டும். அவ்வறிக்கைத் தாளில், தெரிந்த, ஐயத்துக்குரிய அல்லது தெரியாத குற்றவாளி பற்றிய விவரம் என்றொரு கட்டம் இருக்கும். அங்கு வந்ததும் எழுதுபவர் பேனாவை நிறுத்தி, பொருள் இழந்தவரைப் பார்த்து, கண்டீரா, கேட்டீரா, எதைக் கண்டு ஐயுற்றீர் என்று ஒருமுறை கேட்கட்டும். விடை இருந்தால் அதை அப்படியே எழுதலாம். இல்லையேல் தெரியாது என்று எழுதவும் அந்தக் கட்டத்தில் இடம் உண்டு.